செந்தாமரைக்கு வழி காட்டிய விதம்

அனந்தபுரத்து விவசாயி ஒருவரின் மகளான செந்தாமரை, பம்பாயில் மூன்று வருடம் படித்துவிட்டு 1966-ஆம் வருடம் செஞ்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் படித்த படிப்புக்கு அப்போது ஊரில் பெயர் கிடையாது. அடிபட்டோ நோய் கண்டோ விளங்காமல் போன கை கால்களுக்கு, அன்றாட வேலைகளையே பயிற்சியாகக் கொடுத்து மறுபடி விளங்க வைக்கிற படிப்பு. அரசாங்கம் அதற்குத் ‘தொழில்வழி மறுபயிற்சி’ என்று பெயர் வைத்து, புதிதாகப் பலகை எழுதி, திண்டிவனம் சாலையில் முன்பு நிலக்கடலை மூட்டை அடுக்கிவைத்த ஒரு மல்லாட்டைக் கிடங்கின் வாசலில் மாட்டியிருந்தது. பலகையில் ‘தொழில்’ என்ற சொல் மட்டும் பெரிதாக விழுந்துவிட்டது. அவளுடைய முதல் நாள் காலையில் அறுபது பேர் பள்ளிச் சான்றிதழோடு வரிசையில் நின்றார்கள்.

இது வேலை கொடுக்கிற இடம் இல்லை என்று செந்தாமரை அவர்களுக்கு அரை மணி நேரம் விளக்கினாள். முழுவதையும் கேட்டுவிட்டு முன்னால் நின்றவன், “கை வெளங்காதவனுக்கு வேலை குடுப்பீங்க. கை நல்லா இருக்கறவனுக்குக் கெடையாது. அதானம்மா?” என்றான். அவள் யோசித்துப் பார்த்தாள். அதுதான் என்று அவளுக்கும் தோன்றியது. வரிசை கலைந்தது.

மூன்றாம் நாள் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே ஒரே வரி: ‘தாங்கள் இத்தேதி முதல் வழிகாட்டப்படுகிறீர்கள்.’

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அனுபவப்பட்ட ஒருவர் கூட இருந்து வழி காட்டுவது நல்ல ஏற்பாடு என்று பம்பாயிலேயே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மனம் திறந்து பேசு, குறைகளை மறைக்காதே, அவரிடம் கிடைக்கிறதையெல்லாம் பெற்றுக்கொள் என்று அவளுடைய ஆசிரியை ரயிலடிக்கு வந்து சொல்லி அனுப்பினார். ஆகவே அந்த ஒரு வரியைப் படித்து அவள் சந்தோஷப்பட்டாள். 

பலகைதான் புதிது, மறுபயிற்சி நிலையம் ஆறு வருடமாக நடந்துவந்தது. அதில் சிகிச்சைப் பிரிவு, வழிகாட்டுப் பிரிவு என்று இரண்டு உண்டு. சிகிச்சைப் பிரிவில் செந்தாமரை இருந்தாள். வழிகாட்டுப் பிரிவில் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பூவராகவன். ஒல்லியான மனிதர், குரல் எழும்பாது, பேசும்போது எதிரில் இருப்பவரின் கைகளைத்தான் பார்ப்பார். முன்பு மீன்வளத் துறையில் இருந்தார், அதற்கு முன் தோல் பதனிடுகிற இடத்தில் இருந்தார். இரண்டு இடத்திலும் அவர் மீனையோ தோலையோ தொட்டதில்லை, வழிதான் காட்டினார். அவருடைய அறையின் ஒரே ஜன்னலை, செஞ்சிக் கோட்டை மலையான ராஜகிரியின் கரும்பாறைகள் அடைத்துக்கொண்டு நின்றன. அந்த அறையில் பகலிலும் விளக்கு எரியும்.

“இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கை சரி பண்ணியிருக்கீங்க?” என்று முதல் சந்திப்பில் கேட்டார்.

“படிக்கும்போது ஒரு நாப்பது பேர் இருக்கும் சார்.”

“யார் வழிகாட்டினது?”

“டீச்சருங்க சொல்லிக் குடுத்தாங்க.”

“சொல்லிக் குடுக்கறது வேற, வழிகாட்டறது வேற. சொல்லிக் குடுத்தா நீங்க கத்துக்கிட்டுப் போயிடுவீங்க. வழிகாட்டினா போக மாட்டீங்க.” அவர் ஒரு நீளமான பதிவேட்டை மேஜைமேல் தள்ளினார். “மனந்திறப்புப் பதிவேடு. வாரத்துக்கு மூணு பலவீனம் எழுதணும். ஒளிவு மறைவு கூடாது. இது உங்களுக்கும் எனக்கும் நடுவுலதான்.”

செந்தாமரை பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு தாளுக்கும் அடியில் இரண்டு கார்பன் தாள் வைத்திருந்தது.

“உங்க லட்சியம் என்ன?”

“இங்க வர்றவங்களுக்குக் கை காலு சரியாவணும் சார்.”

“அது அவங்க லட்சியம். அவங்க நடந்தா அவங்கதான் முன்னேறினாங்க. உங்க முன்னேற்றத்துக்கு அவங்க நடக்கணும்கற அவசியம் இல்ல. யோசிச்சு, வேற எழுதிக்கிட்டு வாங்க.”

வெளியே நடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விநாயகம் என்று பெயர். கால் இழந்தவர்களுக்குக் கட்டையூன்றி நடக்கக் கற்றுக் கொடுக்க என்று 1960-இல் வேலைக்கு எடுக்கப்பட்டவர். வழிகாட்டுதல் முடிகிறவரை ஒரு நோயாளியையும் தொடக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஆறு வருடம் ஆகியிருந்தது.

“எப்ப முடியுமாம்?” என்று செந்தாமரை கேட்டாள்.

“நல்லாப் போய்க்கினு இருக்குதுன்னு சார் சொல்றாரும்மா.”

“யாருக்காவது முடிஞ்சிருக்குதா?”

“இளையபெருமாளுக்கு முடிஞ்சுது. சர்ட்டிபிகேட்டு குடுத்து, மாலை போட்டு அனுப்பினாங்க. வெளிய போயி இன்னா பண்றதுன்னு அவருக்குத் தெரியல. பத்து நாள்ல அவரே திரும்பி வந்துட்டாரு.” விநாயகம் எதிர் அறையைக் காட்டினார். உள்ளே ஒருவர் காகிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். தன் பெயர் காதில் விழுந்ததும் தலையை நிமிர்த்தினார். செந்தாமரையைப் பார்த்ததும் பழையபடி குனிந்துகொண்டார்.

விநாயகம் தூக்கைத் திறந்து எலுமிச்சை சாதத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்தார்.

ஆடி பிறந்ததும் சுந்தராம்பாள் வந்தாள். மலைச்சரிவில் மந்தாரை இலை பறித்து, ஈர்க்கு கிள்ளித் தைத்து, கடைவீதியில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். கட்டிக்கொண்டவன் போய்ச் சேர்ந்து நாலு வருடம். இலை பறிக்கப் போன இடத்தில் பாறையில் வழுக்கி, கையிலிருந்த அரிவாள் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தைத்துவிட்டார்கள். காயம் ஆறியது. விரல்கள் பாதி மடங்கினபடியே நின்றுபோயின.

“சோறு எடது கையில துன்னுக்கலாம்மா. இலை தைக்க முடியலியே,” என்றாள். புகாராகச் சொல்லவில்லை. பஸ் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

செந்தாமரை அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கேழ்வரகு நிரப்பிய படியில் புளியங்கொட்டையைப் புதைத்துத் தேடி எடுக்கச் சொன்னாள். ஈரத் துணியைப் பிழியச் சொன்னாள். களிமண்ணை உருட்டச் சொன்னாள். சுந்தராம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தாள். பதினைந்தாம் நாள் ஆள்காட்டி விரல் ஒரு நெல்லளவு கூடுதலாக மடங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். செந்தாமரை நோயாளிப் பதிவேட்டில் ‘அசைவு உண்டு’ என்று எழுதி, சந்தோஷத்தில் அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

மறுநாள் பூவராகவன் கூப்பிட்டனுப்பினார். பதிவேடு அவருக்கு முன்னால் திறந்திருந்தது.

“யாரைக் கேட்டு அசைஞ்சது?”

அவளுக்குப் புரியவில்லை.

“முன்னேற்றம் ரெண்டாம் கட்டத்துலதான் வரணும். நீங்க இன்னும் முதல் கட்டத்துல இருக்கீங்க. உங்களுக்கு வழி காட்டறதுக்கு முன்னாலயே நீங்க போய்ச் சேர்ந்துட்டா, நான் எதுக்கு உட்கார்ந்திருக்கேன்? அந்தம்மாவுக்குப் பயிற்சிய நிறுத்தி வைங்க.”

“நிறுத்தினா உள்ள தசைநார் ஒட்டிக்கும் சார். ஆறு வாரம் அசையாம வெச்சா அப்புறம் அந்தக் கை ஆயுசுக்கும் அப்படியே நின்னுடும்.”

“நிக்கட்டும். கை எங்கயும் ஓடிடாது. ஓடறது மனசுதான்.” பிறகு கனிவாக, “இதை நீங்க பலவீனத்துல எழுதலாம். அவசரம். நல்ல பலவீனம்,” என்றார்.

அவள் எழுதினாள். ஆறு வாரத்தில் தசைநார் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தான் அவசரப்படுவதாக, மூன்று பிரதியில் எழுதினாள்.

அந்த மாதம் முழுவதும் அவளுக்கு வழிகாட்டுதல் மும்முரமாக நடந்தது. திங்கள்கிழமை கேட்கும் பயிற்சி; பூவராகவன் மீன்வளத்தில் தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு எப்படித் தள்ளிப்போனது என்று மூன்று மணி நேரம் சொல்வார், அவள் கேட்க வேண்டும். புதன்கிழமை தன்னைத் தானே மதிப்பிடுதல். பத்துக்கு ஆறு போட்டுக்கொண்டால் கர்வம், நான்கு போட்டால் நம்பிக்கையின்மை, ஐந்து போட்டால் சிந்திக்கவில்லை. வெள்ளிக்கிழமை பலவீனம். பஸ் தாமதமானால் கோபம் வருகிறது, இந்தி சரளமாக வரவில்லை என்று சேர்ந்த புதிதில் ஆரம்பித்து எட்டே வாரத்தில் அவளுடைய பலவீனங்கள் தீர்ந்துபோயின. வீட்டில் கேட்டுப் பார்த்தாள். “உனக்கு இன்னா கொறைச்சல்?” என்று அவளுடைய நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அதற்கப்புறம் அவள் கற்பனையாக எழுதத் தொடங்கினாள். ‘பிறர் கஷ்டத்தைப் பார்த்தால் உத்தரவை மறந்துவிடுகிறேன்’ என்று ஒரு வாரம் எழுதிவைத்தாள். பூவராகவன் அதைச் சிவப்பு மையில் சுழித்து, அவளைத் திறந்த மனது என்று பாராட்டினார்.

நடுவில் ஒரு விழாவும் நடந்தது. வழிகாட்டுதல் எப்படி நடக்கிறது என்று பார்க்கத் தலைமையிடத்திலிருந்து முப்பது பேர் வந்தார்கள். நாற்காலி போட இடம் வேண்டியிருந்ததால் நோயாளிகளைப் புளியமரத்தடிக்கு அனுப்பினார்கள். மேடையில் பூவராகவனும் செந்தாமரையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் வழி காட்டினார். அவள் தலையசைத்தாள். முப்பது பேர் கை தட்டினார்கள். பெரிய அதிகாரி இராமச்சந்திரன் எழுந்து பேசினார்:

“சிகிச்சை என்பது நோயாளி இருக்கிறவரைக்கும்தான். நோயாளி குணமாகிப் போய்விட்டால் சிகிச்சை அங்கேயே நின்றுவிடுகிறது. வழிகாட்டுதல் அப்படி அல்ல. நோயாளியே இல்லாவிட்டாலும் அது நடக்கும். இந்த இரண்டில் எதற்கு நாம் கட்டடம் கட்ட வேண்டும் என்று நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.”

ஜன்னல் வழியாகச் செந்தாமரைக்குப் புளியமரம் தெரிந்தது. சுந்தராம்பாள் வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டு, நாற்காலிகள் எப்போது காலியாகும் என்று பார்த்தபடி நின்றாள். பயிற்சி நின்று பதினோரு நாள் ஆகியும் அவள் வருவதை நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலமே செந்தாமரை கடைவீதிக்குப் போனாள். மளிகைக் கடை பாண்டுரங்கன் தன் கடைப் படியோரத்தில் சுந்தராம்பாளுக்கு உட்கார இடம் விட்டிருந்தார். இலை தைக்க முடியாததால் அவள் அங்கே துடைப்பம் விற்றுக்கொண்டிருந்தாள். அனந்தபுரம் பஸ் வர ஒரு மணி நேரம் இருந்தது. செந்தாமரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் கொஞ்சம் இறுகியிருந்தன. முழுக்க ஒட்டவில்லை.

“ஆபீசுல கூடாதுன்னாங்களேம்மா?”

“இது ஆபீசு இல்லக்கா. பஸ்ஸுக்கு நிக்கறேன்.”

அன்று முதல் தினமும் பஸ்ஸுக்கு நின்றாள். புளியங்கொட்டை, துணி எதுவும் தேவைப்படவில்லை. பாண்டுரங்கன் கடையில் கொத்தமல்லி விதையில் கல் பொறுக்கினார்கள். சணல் முடிச்சு அவிழ்த்தார்கள். பிறகு ஈர்க்கு கிள்ளினார்கள். இரண்டாவது வாரம் கட்டைவிரல் நடுவிரலைத் தொட்டது.

அந்த வாரம் விநாயகம் கடைவீதியில் அவர்களைப் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்று அந்த விரல்களைக் கவனித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நல்ல காரியம் பண்றீங்கம்மா. நான் வாயத் திறக்க மாட்டேன்,” என்றார்.

அவர் வாயைத் திறக்கவில்லை. பதினோரு நாள் தூங்காமல் கிடந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் பதிவேட்டில் மூன்றாவது பலவீனமாக இப்படி எழுதினார்: ‘சக ஊழியர் செந்தாமரை உத்தரவை மீறிக் கடைவீதியில் சிகிச்சை செய்வதை அறிந்தும், இரக்கத்தினால் பதினோரு நாட்கள் தெரிவிக்காமல் இருந்துவிட்டேன்.’ ஆறு வருடத்தில் அவர் எழுதியதிலேயே இதுதான் உண்மையான மனந்திறப்பு என்று பூவராகவன் ஓரத்தில் குறித்தார்.

விசாரணை அமாவாசை அன்று வைத்திருந்தார்கள். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் காலையிலிருந்தே வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. பூவராகவனின் அறையில் இராமச்சந்திரனும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து ஸ்டூலில் விநாயகம். கதவருகில் பியூன் பச்சமுத்து. மேஜைமேல் செந்தாமரையின் மனந்திறப்புப் பதிவேடு.

இராமச்சந்திரன் அதை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தார். “‘பஸ் தாமதமானால் கோபம் வருகிறது.’ கோபக்காரர். ‘இந்தி சரளமாக வரவில்லை.’ தகுதிக் குறைவு. ‘பிறர் கஷ்டத்தைப் பார்த்தால் உத்தரவை மறந்துவிடுகிறேன்.’ இது குற்றம் நடப்பதற்கு ஒரு வாரம் முன்னால் எழுதியது. ஆக, திட்டமிட்டிருக்கிறீர்கள்.”

“அது சும்மா எழுதினது சார். எழுத வேற ஒண்ணும் இல்ல.”

“அப்படியென்றால் பொய்ப் பதிவு. அதையும் சேர்த்துக்கொள்ளலாம்,” என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் சேர்த்துக்கொண்டார்.

பிறகு சுந்தராம்பாளைக் கூப்பிட்டார்கள். அமாவாசைக் கூட்டத்துக்குச் சாப்பாட்டுக் கடைகளில் கேட்டிருந்த இலைக் கட்டு கக்கத்தில் இருந்தது. செந்தாமரைக்கு என்னவோ ஆபத்து என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டரம்மா ஒழுங்காக வேலை செய்தாளா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

“உன் கை குணமாயிடுச்சா?” என்று பூவராகவன் கேட்டார்.

செந்தாமரை அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள். சுந்தராம்பாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்து, ஆறு இலையை வட்டமாக அடுக்கினாள். ஈர்க்கைக் கிள்ளிக் கிள்ளிக் குத்தினாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் குருவி கொத்துவதுபோல் போய்ப்போய் வந்தன. ஒவ்வொரு தையலுக்கும் தன் கழுத்தில் முடிச்சு இறுகுகிறது என்று செந்தாமரைக்குத் தெரிந்தது. இருந்தும் அந்த விரல்களிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டு நிமிஷத்தில் இலை முடிந்தது. சுந்தராம்பாள் எழுந்து அதை இராமச்சந்திரனுக்கு முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

“பாருங்க சாமி. எல்லாம் இந்தம்மா பண்ணதுதான்.”

இராமச்சந்திரன் இலையைத் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, பைலில் சேர்க்கச் சொன்னார்.

“கை குணமாகியிருக்கிறது,” என்றார். “வழிகாட்டுதல் முதல் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே குணமாகியிருக்க முடியாது. இரண்டில் ஒன்று தவறு. பைல் தவறாக இருக்க வழியில்லை.”

மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

“கையை பைலில் உள்ள நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பின் முறைப்படி குணப்படுத்த வேண்டும். அது முடிகிற காரியமா?”

“முடியும் சார்,” என்றார் பூவராகவன். “ஆறு வாரம் அசையாம வெச்சா ஒட்டிக்குமாம். செந்தாமரையே எழுதியிருக்காங்க, மூணு பிரதியில. ஒரு மாவுக்கட்டு போட்டா போதும்.”

பச்சமுத்து சிகிச்சைப் பிரிவிலிருந்து மாவுக்கட்டுச் சுருளும் பஞ்சும் ஒரு பேசின் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான். திரும்பிப் போய்க் கதவைச் சாத்தி, அதில் சாய்ந்து நின்றான். யாரும் குரலை உயர்த்தவில்லை. “கையைக் காட்டும்மா” என்று பூவராகவன் மெதுவாகச் சொன்னதும், கவர்ன்மெண்டு கேட்டால் காட்டிப் பழகிய சுந்தராம்பாள், என்ன ஏது என்று தெரியாமலே கையை நீட்டினாள்.

செந்தாமரை எழுந்தாள். அதுவரை அவளுக்கு வராத கோபம் அப்போது வந்தது.

“உங்களுக்கு ஒரு கை வேணும். அவ்வளவுதான சார்? என் கையக் கட்டுங்க.” தன் வலது கையை மேஜைமேல் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். “இது நல்லாத்தான் இருக்குது. ஆறு வாரம் கட்டினா கெட்டுப்போயிடும்.”

அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று அவள் நினைத்தாள்.

 வாசலில் ஒரு பஸ் போயிற்று. இராமச்சந்திரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“பூவராகவன், இதைத்தானே நாம் இத்தனை நாளும் எதிர்பார்த்தோம்? இவர் இப்போதுதான் வழிகாட்டுதலுக்குத் தயாராகியிருக்கிறார்.”

“என் பாக்கியம் சார்,” என்றார் பூவராகவன்.

வலது கையா இடது கையா என்று கால் மணி நேரம் ஆலோசித்தார்கள். பைலில் வலது என்று இருந்ததால் வலது கையே என்று முடிவாயிற்று. நோயாளியின் பெயரை மட்டும் திருத்தினால் போதும் என்றும், அந்தக் கைக்கு வழிகாட்டியாக, உண்மையான மனந்திறப்பு கண்ட விநாயகத்தை இன்றே நியமிக்கலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

சுந்தராம்பாளுக்கு அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. “இன்னாம்மா இது? எழுந்து வா, போலாம்,” என்று செந்தாமரையின் தோளைப் பிடித்தாள்.

“நான் வந்தா உங்க பேரு மறுபடி பைல்ல ஏறிடும்க்கா. நீங்க போங்க. இலைக்குக் காத்துக்கினு இருப்பாங்க.”

பச்சமுத்து ஒரு ஆள் போகிற அளவுக்குக் கதவைத் திறந்தான். சுந்தராம்பாள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

விநாயகம் ஸ்டூலை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுருளைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டினார். 

“நான் இதுவரைக்கும் யாருக்கும் ஒரு கட்டும் போட்டதில்லம்மா,” என்று அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். “எப்படின்னு கொஞ்சம் சொல்றீங்களா?”

தப்பாகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையே போய்விடும் என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“மொதல்ல பஞ்சு சுத்துங்க,” என்றாள். “சுருளத் தண்ணியில முழுசா முக்குங்க. குமிழி வர்றது நிக்கட்டும். இப்ப எடுத்து ரெண்டு முனையையும் புடிச்சு லேசா புழிங்க. முறுக்காதீங்க. மணிக்கட்டுலேர்ந்து ஆரம்பிங்க. இறுக்கமா வேண்டாம்ணா. பாதி மேல பாதி விழற மாதிரி வாங்க. அப்படித்தான்.”

விநாயகம் நல்ல மாணவனாக இருந்தார். இரண்டாவது சுற்றிலேயே கை பழகிவிட்டது.

“பாருங்க சார், வழிகாட்டுதல் எவ்வளவு இயல்பா நடக்குது,” என்றார் பூவராகவன். இராமச்சந்திரன் அதைக் குறித்துக்கொண்டார்.

நாலு விரலும் உள்ளே போய், கட்டைவிரலும் மறைந்தது. விநாயகம் ஈர மாவை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். கட்டு சுடுகிறது என்றார். எதையாவது தப்பாகச் செய்துவிட்டோமோ என்று அவர் முகம் வெளுத்துவிட்டது.

மாவு இறுகத் தொடங்கும்போது அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று செந்தாமரை அவருக்குச் சொன்னாள்.